எக்கோ நார்மல், சரி. கிராஃப்ட்?

பெங்களூரிலோ சேலத்திலோ வேலூரிலோ இதய பைபாஸ் ஆபரேஷன் முடித்துவிட்டு தர்மபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் திரும்பி வருகிறவர்கள் சில மாதம் கழித்து உள்ளூரில் ஒரு எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுப்பார்கள். "பம்பிங் 55 சதவீதம், நார்மல்" என்று ரிப்போர்ட் வரும். அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வைத்துத் தைத்த குழாய், அதாவது கிராஃப்ட், எல்லாம் திறந்திருக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். எக்கோ அதைச் சொல்லவில்லை. அது பார்த்தது தசையின் அசைவை. ஒரு கிராஃப்ட் மூடியிருந்தாலும் பழைய ரத்தக்குழாயிலோ பக்கவழியிலோ கொஞ்சம் ரத்தம் வந்துகொண்டிருந்தால், ஓய்வில் இருக்கும் தசை நன்றாகவே அசையும்.

ஆனால் பெரும்பாலும் ஒரே ஒரு கிராஃப்டை மட்டும் வெளியிலிருந்தே டாப்ளரில், அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்டில், நேராகப் பார்க்கலாம். அது லீமா, அதாவது இடது மார்பின் உள்பக்கத் தமனி. இடது காறை எலும்புக்கு அடியில் போகும் சப்கிளேவியன் தமனியிலிருந்து பிரிந்து, நெஞ்செலும்பின் ஓரமாக இறங்குவது. சர்ஜன் அதன் மேல்முனையைத் தொடாமல் விட்டு, கீழ்முனையை மட்டும் எடுத்து இதயத்தின் முன்பக்கக் குழாயான எல்ஏடியில் தைக்கிறார். மேல்பகுதி தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தோலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் முனைக்கு, அதாவது ப்ரோபுக்கு, எட்டும். "காலிலிருந்து நரம்பு எடுத்து வச்சாங்க" என்று நம் ஊரில் சொல்வது நரம்பு அல்ல, சிரை. அது மகாதமனியில் தைக்கப்பட்டு எலும்புக்கும் நுரையீரலுக்கும் பின்னால் போய்விடும். வெளியிலிருந்து பெரும்பாலும் தெரியாது.

இனி ஸ்கேன் செய்கிறவர்களுக்கு. தைராய்டு, கழுத்துக்குழாய் பார்க்கும் லீனியர் ப்ரோபே போதும், 7 முதல் 10 மெகாஹெர்ட்ஸ். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முகத்தை வலப்பக்கம் திருப்பி, இடது காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் ப்ரோபை வையுங்கள். முதலில் சப்கிளேவியனைப் பிடியுங்கள். அதிலிருந்து மேலே ஏறுவது முதுகெலும்புத் தமனி. ஏறக்குறைய அதற்கு நேர் எதிரே கீழே இறங்குவதுதான் நாம் தேடுவது. கலர் ஸ்கேலைக் குறைத்து, வேகத்தை அளக்கும் சின்னப் பகுதியான சாம்பிள் கேட்டை 1 முதல் 2 மி.மீ. அளவில் வைத்து, ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணத்தை 60 டிகிரிக்குள் வையுங்கள். 60-ஐத் தாண்டினால் கோணத்தில் சின்னப் பிசகுகூட வேகத்தைப் பெரிதாக மாற்றிக் காட்டும். அங்கே கிடைக்கவில்லையென்றால் எக்கோ ப்ரோபை எடுத்து, நெஞ்செலும்பின் இடது ஓரம் இரண்டாவது விலா இடைவெளியில் தேடுங்கள். இசிஜி லீடு போடாமல் ஆரம்பிக்காதீர்கள். இதயம் சுருங்கும் நேரமான சிஸ்டோல் எது, தளரும் நேரமான டயஸ்டோல் எது என்று பிரிக்க முடியாது.

இனி அலையின் வடிவம். இந்தத் தமனி நெஞ்சுச் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தவரை சிஸ்டோலில் ஒரு உயரமான கூர்முனை இருக்கும், டயஸ்டோலில் பெரிதாக ஒன்றும் இருக்காது. இதயத்தில் தைத்தபின் கதை மாறுகிறது. இதயத்தசை சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது, தளரும்போதுதான் ரத்தம் வாங்குகிறது. அதனால் டயஸ்டோலில் ஒரு திமில் எழும். மொத்த அலையின் பரப்பில் பாதிக்கு மேல் டயஸ்டோல் இருந்தால் நிம்மதி. வெறும் கூர்முனை மட்டும் என்றால் சந்தேகப்படலாம். ஆனால் காறை எலும்புப் பக்கம் பார்த்தால் நல்ல கிராஃப்டிலும் கூர்முனை பெரிதாகத்தான் இருக்கும். கீழே போகப்போகத்தான் டயஸ்டோல் ஓங்கும். இது தெரியாமல் "அடைப்பு" என்று எழுதிவிடுவதுதான் அதிகம் நடக்கிற தப்பு. வலது மார்புத் தமனியை எடுக்காமல் விட்டிருந்தால் அதையும் பாருங்கள், ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

திமில் குறைந்தாலே அடைப்பு என்றும் இல்லை. எல்ஏடியில் பழைய அடைப்பு லேசானதாக இருந்தால் அந்த வழியே வரும் ரத்தம் கிராஃப்டோடு போட்டி போடும். இதயத்தின் முன்சுவர் தழும்பாகிப் போயிருந்தாலும் ரத்தம் குறைவாகத்தான் போகும். துடிப்பு வேகமானால் டயஸ்டோலே சுருங்கிவிடும்.

நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தம் ஓடுகிறது என்ற கணக்கை மட்டும் நம்பி உட்காராதீர்கள். சராசரி வேகம் விநாடிக்கு 20 செ.மீ., குறுக்களவு 2.5 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 59 மி.லி. அதே குழாயை 2.8 என்று அளந்தால் 74 ஆகிவிடும். 0.3 மி.மீ. என்பது திரையில் கர்சர் கொஞ்சம் நகர்ந்தாலே வருகிற பிழை.

இரண்டு கையிலும் பிரஷர் பாருங்கள். இடதில் 15 மி.மீ.க்கு மேல் குறைந்தால் சப்கிளேவியனிலேயே சுருக்கம் இருக்கலாம். அப்படியானால் கிராஃப்ட் நன்றாக இருந்தும் பயனில்லை. இடது கையில் டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலா உள்ளவர்களுக்கு அது ரத்தத்தைத் தன் பக்கம் இழுக்கலாம்.

ஆபரேஷன் தியேட்டரில் அளப்பது வேறு முறை. குழாயைச் சுற்றிக் கொக்கி போன்ற ப்ரோபை மாட்டி, ஒலி ஓட்டத்தோடு போகும் நேரத்தையும் எதிர்த்து வரும் நேரத்தையும் கழித்துப் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 20 மி.லி.க்குக் கீழே ஓட்டமும், ஓட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் பல்சட்டிலிட்டி இண்டெக்ஸ் 5-க்கு மேலும் சேர்ந்து வந்தால் தையலைத் திரும்பப் பார்ப்பது வழக்கம். இந்த எண்கள் ஆபரேஷன் நோட்ஸில் இருக்கக்கூடும். ஸ்கேனுக்கு வரும் நோயாளிகள் டிஸ்சார்ஜ் சம்மரியோடு அதையும் கேட்டு வாங்கி வாருங்கள். எத்தனை கிராஃப்ட், எது எங்கே தைத்தது என்று தெரியாமல் ஸ்கேன் செய்கிறவருக்குப் பாதி நேரம் தேடுவதிலேயே போகும்.

சாதாரண எக்கோவில் ஒரு வரி பலரைப் பயமுறுத்தும்: இரு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் தலைகீழாக அசைகிறது என்று. பைபாஸுக்குப் பின் இது சகஜம். சுவர் சுருங்கும்போது சரியாகத் தடிக்கிறதா என்று பார்த்தால் போதும். முதல் சில வாரங்களில் இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரு மூலையில் மட்டும் கட்டியாகத் தேங்கியிருந்தால் மேலோட்டமாகப் பார்ப்பதில் தப்பிவிடும்.

கால் சிரை கிராஃப்டில் சந்தேகம் என்றால் சிடி ஆஞ்சியோதான், அதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். மேலே சொன்ன டாப்ளருக்கு வெறும் வயிறு தேவையில்லை, காலையில் களி தின்றுவிட்டே வரலாம். நெஞ்சுவலி இருந்தால் மட்டும் ஸ்கேனுக்கு டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு முதலில் இசிஜி.