'டைசி': ஒரு சொல்லை வேரோடு படித்த அனுபவம்

வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு மாதிரித் தேர்வில் 'டைசி' (dicey) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இணையான சொல்லைக் கேட்டிருந்தார்கள். சமையல் குறிப்பில் காய்கறியை 'டைஸ்' செய்யச் சொல்வார்களே, அந்த நினைப்பில் 'துண்டு துண்டான' என்று பொருள்படும் விடையைக் குறித்துவிட்டேன். சரியான விடை 'ரிஸ்கி'. கால் மார்க் போனதைவிட, ஏன் அந்த அர்த்தம் என்று புரியாததுதான் உறுத்தியது.

அன்று இரவே தேடிப் படித்தேன். டைஸ் என்றால் பகடை. காயைப் பகடை வடிவத்தில் சின்னச் சின்னக் கட்டியாக நறுக்குவதால் அதற்கும் அந்தப் பெயர். 'டைசி' பிறந்தது 1940-களில், விமானிகளின் பேச்சுவழக்கில். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் பகுதிக்கு மேல் மிகத் தாழ்வாகப் பறந்து படம் எடுத்து வருவதை 'டைசிங்' என்றே சொல்லியிருக்கிறார்கள். உயிரை வைத்துப் பகடை உருட்டுவதுதானே அது!

படித்ததும் பாட்டி வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. காய் இறக்கத் தாயம் விழ வேண்டும். பித்தளைத் தாயக்கட்டை இரண்டும் கிணுங்கென்று தரையில் விழுந்து, உருண்டு, நிற்பதற்கு முந்தைய அரை நொடி. விழுமா, விழாதா? அந்த அரை நொடிதான் டைசி.

அதனால் 'ஆபத்தான' என்று மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். புலி ஆபத்தானது, அதை டைசி என்று சொல்வதில்லை. மழையில் ஊறிய பழைய பாலம் லாரியைத் தாங்குமா என்று தெரியாமல் ஓட்டுவது டைசி. எப்படியும் ஆகலாம் என்ற சந்தேகம் அதில் இருக்க வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில் இந்த நுணுக்கம் கை கொடுக்கும்.

அப்புறம், இது பேச்சுச் சொல். கடிதமும் கட்டுரையும் எழுதும் தாளில் போட வேண்டாம். அங்கே 'ரிஸ்கி' போதும். ஆட்சிப்பணித் தேர்வு எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: அரசியலமைப்புப் பாடத்தில் வரும் ஏ.வி. டைசி, 1885-இல் வெளியான தன் நூலில் 'சட்டத்தின் ஆட்சி'யை விளக்கிய ஆங்கிலேயச் சட்ட அறிஞர். அவர் பெயருக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் அதன் பிறப்போடு சேர்த்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன். டைசிக்கு அடுத்த வரியில் இருப்பது, ஆபத்து என்று பொருள்படும் 'ஹசார்ட்' (hazard). அதுவும் ஒரு பழைய பகடை ஆட்டத்தின் பெயர்தான்.