மெட்ராஸ் என்ற பெயர் நிலைத்த ஊர்: செயின்ட் ஆண்ட்ரூஸ் நாட்குறிப்பு

ஏப்ரல் 26, சனி

எடின்பரோவில் ஏறிய ரயில் ஃபோர்த் பாலத்தைக் கடந்து, ஃபைஃப் கரையோரமாக வந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் லூக்கர்ஸ் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டது. ஸ்காட்லாந்தின் கடலோர ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸுக்கென்று தனியே இருந்த ரயில் பாதையை 1969இல் மூடிவிட்டார்கள். அதனால் கோல்ஃப் ஆடுவதற்காக உலகமெங்குமிருந்து வருகிறவர்களும், 1413இல் போப்பாண்டவரின் ஆணை பெற்ற பல்கலைக்கழகத்தில் படிக்க வருகிறவர்களும் இங்கே இறங்கிப் பேருந்தில்தான் ஊருக்குள் போகிறார்கள். என் இருக்கைக்குப் பக்கத்தில் மட்டைப்பை ஒன்று மனிதரைப் போல நின்றுகொண்டு வந்தது.

நான் கோல்ஃப் பார்க்க வரவில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, இவ்வூரில் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்று ஒரு பள்ளி 1833 முதல் நடந்துவருகிறது என்ற செய்தி நெடுநாளாக மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்றே வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பள்ளியை நாளைக்கு வைத்துக்கொண்டு, இன்று கடலை ஒட்டிய பழைய கோல்ஃப் திடலுக்குப் போனேன். ஓல்டு கோர்ஸில் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் இல்லை. பெரும்பணம் கட்டி, முன்பதிவுக்குக் காத்திருந்து ஆடுகிற அதே புல்வெளியில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். முதியவர்கள் நாய்களோடு உலவினார்கள். ஸ்வில்கன் ஓடையின் மேலுள்ள சிறு கல்பாலத்தில் நானும் நின்றேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும் என்று எண்ணி வந்தவனுக்கு இது பெரிய வியப்பு.

இதற்கு நெடிய வரலாறு உண்டு. மணலும் முரட்டுப் புல்லும் நிறைந்த, உழவுக்கு உதவாத இந்தக் கடலோர நிலத்தில் முயல் வளர்த்துக்கொள்ள 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் ஊராரின் இசைவைப் பெற்றபோது, அங்கே மேய்க்கவும், கோல்ஃபும் கால்பந்தும் ஆடவும், அம்பெய்யவும் ஊராருக்கு உள்ள உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். கடன் முற்றிப்போன நகர மன்றம் 1797இல் இந்த நிலத்தை விற்க, அது முயல் வணிகர்களின் கைக்குப் போயிற்று. திடலெங்கும் முயல் வளைகள். ஆடுகிறவர்களுக்கும் வளர்க்கிறவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் சண்டை, வழக்கு. 1821இல் பக்கத்துப் பண்ணையின் உரிமையாளரான ஜேம்ஸ் சீப் நிலத்தை வாங்கிய பிறகுதான் முயல்கள் ஒழிந்து ஆட்டம் பிழைத்தது. 1894இல் பாராளுமன்றச் சட்டத்தின் வழியே நிலம் நகரத்துக்கே திரும்பிவந்தது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. நம் ஊர்களில் மேய்ச்சல் புறம்போக்கு கண்ணெதிரே கைமாறிப் போனதைப் பார்த்த எனக்கு, ஒரு முறை கைவிட்டுப் போன பொதுநிலத்தைத் திரும்பப் பெற்ற ஊர் என்ற ஒன்றே இத்திடலின் மற்றப் பெருமைகளையெல்லாம் விடப் பெரிதாகத் தோன்றுகிறது.

மற்றப் பெருமைகளும் உண்டுதான். போகும்போது 11, வரும்போது 11 என்று 22 குழிகளாக நடந்த ஆட்டம் 1764இல் 18 குழிகளாகக் குறைந்தது. பிற்காலத்தில் உலகம் முழுவதும் அந்த எண்ணிக்கையே நிலைத்தது. போகும் தடத்துக்கும் திரும்பும் தடத்துக்கும் பொதுவாக ஏழு இரட்டைப் புல்தரைகள் இருக்கின்றன. ஒரே தரையிலுள்ள இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். மாலையில் கடற்பனி திரண்டு வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. இங்கே அதை ‘ஹார்’ என்கிறார்கள்.

ஏப்ரல் 28, திங்கள்

சவுத் ஸ்ட்ரீட்டில், இடிந்துபோன பழைய மடாலயக் கோயில் ஒன்றின் எஞ்சிய சுவருக்குப் பின்னால், கூர்முகடுகளோடு அகன்று நிற்கிறது மெட்ராஸ் கல்லூரியின் பழைய கட்டடம். பள்ளி 2021இல் ஊரின் மேற்கு விளிம்பிலுள்ள புதிய வளாகத்துக்கு மாறிவிட்டது. வாயிலருகே அரை மணி நேரம் நின்றிருப்பேன்.

இதை நிறுவப் பணம் தந்த ஆண்ட்ரூ பெல், இதே ஊரில் 1753இல் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்து, இங்குள்ள பல்கலைக்கழகத்திலேயே படித்தவர். 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, ‘மலபார்’ பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டதாக அவருடைய வரலாறு சொல்கிறது. அக்காலத்தில் சென்னை ஆங்கிலேயர் தமிழரையும் தமிழையும் ‘மலபார்’ என்றே எழுதினார்கள் என்பதை நினைவில் கொண்டால், அவர் கண்டது நம் திண்ணைப் பள்ளி என்பது விளங்கும். தம் பள்ளியிலும் அவ்வாறே எழுதப் பழக்கும்படி ஆசிரியர்களிடம் சொன்னார், அவர்கள் உடன்படவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். அதிலிருந்து, கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குக் கற்பிக்கும் முறை பள்ளி முழுவதும் பரவியது. பெல் நாடு திரும்பி 1797இல் அதைப் பற்றி இலண்டனில் ஒரு நூல் வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டனின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் வேரூன்றியது.

மணல் எழுத்து எங்கிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொண்ட பெல், மாணவனைக் கொண்டு மாணவனுக்குக் கற்பிப்பதைத் தம் கண்டுபிடிப்பாகவே கருதினார். என்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. திண்ணைப் பள்ளியில் அந்த வேலையைச் செய்தவனுக்குச் ‘சட்டாம்பிள்ளை’ என்று நம்மிடம் பெயரே இருந்தது. வாத்தியார் வருமுன் பிள்ளைகளைக் கூட்டி, சுவடியில் உள்ளதை முறைசொல்ல வைத்து, பிழை திருத்திக் கொடுத்தவன் அவன்தான். என் தாத்தா அப்படி ஒரு சட்டாம்பிள்ளையிடம்தான் அரிச்சுவடி படித்தார். வாத்தியாரைவிட அவனைப் பற்றித்தான் எங்களிடம் அதிகம் பேசுவார். ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சிக்கனமாகக் கட்டி மேய்ப்பதற்காக இங்கிலாந்து இம்முறையைப் பயன்படுத்தியபோது, அருகில் அமர்ந்து விரல் பிடித்து எழுதவைக்கும் அந்த நெருக்கம் அதிலிருந்து போய்விட்டது என்றும் எண்ணுகிறேன். ஆனாலும், தம் செல்வத்தைக் கல்விக்கே எழுதிவைத்து, பிறந்த ஊரில் கட்டப்பட்ட பள்ளிக்கு மெட்ராஸ் என்ற பெயர் நிலைக்கக் காரணமானவரிடம் எனக்கு நன்றி உண்டு.

ஏப்ரல் 29, செவ்வாய்

பேராலயத்தின் இடிபாடுகளில் காலைப்பொழுது கழிந்தது. 1158இல் தொடங்கி, 1318இல் மன்னர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணிக்கப்பட்டது. ஸ்காட்லாந்திலேயே பெரிய கோயில். 1559இல் சமயச் சீர்திருத்தப் போதகர் ஜான் நாக்ஸின் பிரசங்கத்தைக் கேட்டுக் கிளர்ந்த கூட்டம் உள்ளே புகுந்து உடைத்தது. அதன் பிறகு ஊரார் கல்லைப் பெயர்த்துக்கொண்டுபோய் வீடு கட்டினார்கள். இன்று நடந்த தெருக்களின் சுவர்களைத் தொட்டுப் பார்த்தபடியே வந்தேன்.

அந்த வளாகத்தில் டாம் மோரிஸ் என்ற ஒரே பெயர் கொண்ட கோல்ஃப் வீரர்களான தந்தை, மகன் இருவரின் கல்லறைகள் இருக்கின்றன. நெசவாளியின் மகனான மூத்தவர், திடலைப் பல ஆண்டுகள் பேணியவர். ஓப்பன் போட்டியை நான்கு முறை வென்றவர். இளையவரும் நான்கு முறை, தொடர்ச்சியாக, வென்றார். 1875இல் மனைவி பிரசவத்தில் இறக்க, அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தம் 24ஆம் வயதில் இவரும் இறந்தார். தந்தை அதன்பின் 32 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

மே 1, வியாழன்

விடியுமுன் எழுந்து கீழைக் கடற்கரைக்குப் போனேன். 1528இல் பாட்ரிக் ஹாமில்டன் என்ற இளைஞரைச் சமயக் கொள்கைக்காக ஊருக்குள் எரித்த இடத்தில், அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தரைக்கல்லில் பதித்திருக்கிறார்கள். அதை மிதித்த மாணவர் தேர்வில் தேற மாட்டார் என்பது நம்பிக்கை. மே முதல் நாள் கதிரவன் எழும்போது கடலில் மூழ்கினால் அது கழியுமாம். அந்தக் குளிரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கூவிக்கொண்டே கடலுக்குள் ஓடினார்கள்.

எட்டரை மணிப் பேருந்தில் லூக்கர்ஸுக்குத் திரும்பினேன். சீருடை அணிந்த இரண்டு சிறுமிகள் எனக்கு முன்னால் அமர்ந்து, ஏதோ ஒரு தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கு நடுவே ‘மெட்ராஸ்’, ‘மெட்ராஸ்’ என்று பலமுறை காதில் விழுந்தது. ஊரின் விளிம்பில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளியை நோக்கி நடந்தார்கள்.