துய்ப்ளேவுக்குச் சிலை, மர்த்தேனுக்கு வீதி

புதுச்சேரி பஸ் நிலையத்திலிருந்து பிரான்சுவா மர்த்தேன் வீதிக்குப் போக ஆட்டோவுக்கு 250 ரூபாய் கேட்கிறார்கள். மூன்று கிலோமீட்டர்கூட இராது. "சனிக்கிழமை சார், இன்றைக்கு இதுதான் ரேட்" என்றார் ஓட்டுநர். தொண்டை வறளப் பேரம் பேசி 180-க்குப் படிந்தேன். அதற்குப் பழிவாங்குவதுபோல வீதிக்கு இரண்டு தெரு தள்ளி இறக்கிவிட்டு, "அதோ, அப்படியே நேராகப் போங்கள்" என்று கை காட்டிவிட்டுப் பறந்துவிட்டார்.

ஆட்டோவைவிடப் பஸ் மோசம். ஏ.சி. பஸ் என்று கூடுதல் காசு வாங்கினார்கள். மாமல்லபுரம் தாண்டியதும் ஏ.சி. நின்றுவிட்டது. கண்ணாடியோ திறக்க முடியாத வகை. "இப்போது சரியாகிவிடும்" என்று நடத்துனர் சொல்லிக்கொண்டே வந்தார், மரக்காணம் உப்பளங்கள் வரை சொன்னார், பிறகு அவரே துண்டால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். சாதாரணப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடற்காற்று வாங்கியபடி இதைவிடக் குறைந்த செலவில் வந்திருக்கலாம்.

இவ்வளவு அவஸ்தையும் எதற்கு என்றால், புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களின் ஊராக வளர்த்த மர்த்தேன் என்ற மனிதரைத் தேடித்தான். எங்கள் மயிலாப்பூர்ப் பக்கம் சாந்தோமை 1672-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். கோல்கொண்டா படையும் டச்சுக்காரர்களும் சுற்றி வளைத்ததில் 1674-இல் அது கை நழுவியது. அந்த முற்றுகைக் காலத்தில் சாந்தோமுக்குத் தெற்கேயிருந்து தானியம் அனுப்பி வைத்தவர் என்று படித்ததிலிருந்து மர்த்தேன் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டார்.

1634-இல் பாரிஸில் பிறந்தவர். வணிகர் ஒருவருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளை என்பதால் சொத்தும் இல்லை, பெரிய இடத்துச் சிபாரிசும் இல்லை. மளிகைக் கடையில் வேலை பார்த்தார். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதும் கீழ்நிலை ஊழியராகச் சேர்ந்து, மடகாஸ்கர், சூரத் என்று சுற்றிக் கடைசியில் சோழமண்டலக் கரைக்கு வந்தார். மனைவி மரீ பாரிஸிலேயே இருந்தார். அவர் கணவரிடம் வந்து சேர்ந்தபோது இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. கம்பெனி வேலை என்றால் அன்றும் அப்படித்தான் போலிருக்கிறது.

அப்போது புதுச்சேரி பீஜப்பூர் சுல்தானின் ஆட்சியில் இருந்தது. வாலிகண்டபுரத்திலிருந்து இந்தப் பகுதியை ஆண்ட ஷேர்கான் லோடி, பிரெஞ்சுக்காரர்களுக்கு இங்கே இடம் கொடுத்தார். 1677-இல் சிவாஜியின் படை வந்து லோடியைத் தோற்கடித்தது. வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். மர்த்தேன் சிவாஜியிடம் தூது அனுப்பி, லோடிக்கு உதவ மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருக்க அனுமதி வாங்கினார். இடம் கொடுத்தவரைக் கைவிட்டது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் கையில் சில ஆட்களும் காலிக் கஜானாவும் மட்டுமே இருந்தவர் வேறு என்ன செய்திருப்பார் என்றும் தெரியவில்லை.

சரி, வீதிக்கு வருகிறேன். அழகான, அமைதியான வீதி. 41-ஆம் எண் வீட்டில் 1913 முதல் 1922 வரை ஸ்ரீ அரவிந்தர் வாழ்ந்தார். வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். வீதிப் பெயருக்கு உரியவர் யார் என்று அங்கே நின்றிருந்த நாலைந்து பேரிடம் கேட்டேன். "யாரோ வெள்ளைக்காரர்" என்பதற்கு மேல் ஒருவரும் சொல்லவில்லை.

அங்கிருந்து பாரதி பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை என்பதே பெரிய நிம்மதி. ஆயி மண்டபத்தைச் சுற்றிப் படம் எடுப்பவர்கள் கூட்டம். அந்தப் பூங்காவும் அதைச் சுற்றிய பகுதியும்தான் ஒரு காலத்தில் லூயி கோட்டை. மர்த்தேனின் கடைசிப் பெருவேலை. 1706 ஆகஸ்ட் 25, புனித லூயி திருநாளில் திறந்து வைத்தார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று மர்த்தேன் இறந்தார், கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்ததும் கோட்டையைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள், கல்லறையும் அதோடு போயிற்று. பூங்காவை இரண்டு முறை சுற்றியும் அவர் பெயர் எழுதிய பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. ஐஸ்கிரீம் விலைப்பட்டியல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

நேர்நேராக ஓடும் வீதிகளைக் காட்டி "பிரெஞ்சு நகர அமைப்பைப் பாருங்கள்" என்று ஒரு வழிகாட்டி பெருமை பேசிக்கொண்டிருந்தார். வயிற்றெரிச்சலாக இருந்தது. 1693-இல் டச்சுக்காரர்கள் மர்த்தேனிடமிருந்து ஊரைப் பிடுங்கி ஆறு ஆண்டுகள் வைத்திருந்தபோது போட்ட திட்டம் ஐயா அது! 1697-இல் ஐரோப்பாவில் கையெழுத்தான ரிஸ்விக் சமாதான உடன்படிக்கைப்படி ஊரைத் திருப்பித் தரவேண்டி வந்தபோது, கட்டிய அரண்களுக்கு என்று 16,000 வராகன் கறந்துகொண்டுதான் டச்சுக்காரர்கள் கிளம்பினார்கள். மர்த்தேன் 1699-இல் திரும்பி வந்து, டச்சுக்காரர் வரைந்த கோட்டின் மேலேயே ஊரை வளர்த்தார். 1701-இல் சூரத்தைப் பின்னுக்குத் தள்ளி இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் தலைமையிடமானது இந்த ஊர்.

ஒயிட் டவுனில் சாப்பிட நினைப்பவர்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கடை வாசலில் மாட்டியிருந்த பட்டியலில் மீன் ஒரு துண்டு 650 ரூபாய், வரி தனி. பெரிய வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்குள் நுழைந்தால் உலகமே மாறிவிடுகிறது. ஒரு சின்ன மெஸ். வாழையிலை, சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல், கேட்கக் கேட்கச் சோறு, கடைசியில் புளிக்காத கெட்டி மோர். 160 ரூபாய். குழம்பில் புளியும் மாங்காயும் சேர்ந்து நாக்கைச் சுண்டி இழுத்தன. பரிமாறிய அம்மா "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் தம்பி" என்று கேட்காமலே ஊற்றினார். காலையில் பஸ்ஸும் ஆட்டோவும் கிளப்பிய கோபமெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது.

அந்த வயிற்றோடு மிஷன் வீதியில் சம்பா கோயில் என்கிற மாதா கோயில் வரை நடந்தேன். அதன் பக்கத்தில்தான் பழைய வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. அந்தச் சிவன் கோயிலை மூடு என்று ஏசு சபைப் பாதிரியார்கள் மர்த்தேனை விடாமல் நச்சரித்தார்கள். ஊர்த் தமிழர்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டே கிளம்பத் தயாரானதும் மர்த்தேன் பின்வாங்கினார். நெசவாளர் போனால் துணி இல்லை, துணி இல்லையென்றால் கம்பெனியே இல்லை. கருணையால் அல்ல, கணக்கால்தான் கோயில் தப்பியது என்பது என் எண்ணம். 1748-இல், துய்ப்ளே கவர்னராக இருந்தபோது, ஆங்கிலேயர் முற்றுகைச் சந்தடியில் அதே கோயில் இடிக்கப்பட்டது. துய்ப்ளேயிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த வேதனையைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிறகு காந்தி வீதியில் வேறு கோயில் எழும்பியது.

மாலையில் கடற்கரை. தெற்குக் கோடியில் துய்ப்ளே கம்பீரமாக நிற்கிறார். சண்டைமேல் சண்டை போட்டு, கம்பெனியின் பணத்தைக் கரைத்து, 1754-இல் திருப்பி அழைக்கப்பட்டவர். 1870-இல் பிரெஞ்சுக்காரர்கள் அவருக்குச் சிலை வைத்தார்கள். இந்த ஊரைக் கையில் ஆள்பலம் இல்லாத காலத்திலிருந்து பொத்திப் பொத்தி வளர்த்தவருக்கு மிஞ்சியது வீதிப் பெயர். கடைக்காரருக்கு யார் சிலை வைக்கிறார்கள்?

இரவு தங்கலாம் என்று விசாரித்தால் ஏ.சி. இல்லாத அறைக்கே 2,400 ரூபாய், காரணம் மறுபடியும் சனிக்கிழமை. வேண்டாம் சாமி என்று ஜன்னல் திறக்கும் சாதாரணப் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீங்கள் போவதானால் செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். பஸ் நிலையத்துக்குள் ஆட்டோ பிடிக்காதீர்கள், வெளியே சாலைக்கு வந்து ஷேர் ஆட்டோவில் ஏறுங்கள், இருபது முப்பது ரூபாயில் வேலை முடிந்துவிடும்.