மன்றத்துக்கு ஒரு சாவி

படிக்கும்போது இரண்டு வருடம் புகைப்பட மன்றத்துக்குச் செயலாளராக இருந்தேன். பல்கலைக்கழகம் மாணவர் மன்றங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் முதலில் பணத்தைத்தான் சொல்வார்கள். பணம் வேண்டும்தான், ஆனால் பல இடங்களில் முதலில் கைக்காசைப் போட்டு வாங்கி, ரசீதை ஒட்டிக் கொடுத்து, கையெழுத்துக்கு அலைந்து, அது திரும்பக் கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது, அதனால் கையில் காசில்லாத மாணவர் பொறுப்புக்கு வரவே தயங்குகிறார். முன்பணம் கொடுத்துவிட்டுக் கணக்கைப் பிறகு கேட்கலாமே.

அப்புறம் இடம். எங்களுக்குக் கிடைத்தது மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, ஒரு அலமாரி, ஒரு பூட்டு. அந்தச் சாவி கைக்கு வந்த பிறகுதான் மன்றம் நிலைத்தது. பழைய கணக்கு நோட்டு, உறுப்பினர் பட்டியல், எதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று முந்தைய செயலாளர் பென்சிலில் எழுதி வைத்த தாள், எல்லாம் அந்த அலமாரியில்தான் இருந்தன. மாணவர்கள் மூன்று நான்கு வருடத்தில் போய்விடுவார்கள். அந்தத் தாள் இல்லையென்றால் ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பொறுப்பாசிரியர் கையெழுத்துப் போடுவதோடு நிற்காமல், கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாலே பெரிய தெம்பு. எங்கள் பேராசிரியர் அப்படித்தான் வந்து உட்காருவார்.