டயல் டோன் காதில் விழாத மோடம்

லேப்டாப்போடு வந்த மோடம் (போன் லைன் வழியாக நெட்டில் இணைக்கும் கருவி), பாதி வேலையை விண்டோஸ் தலையில் கட்டிவிடும் ரகம். நான் ஓட்டியதோ லினக்ஸ். மோடத்துக்கு லினக்ஸ் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கிடைத்தது. காசு கொடுத்தால் 56கே வேகம் (நொடிக்கு 56 கிலோபிட்), சும்மா வேண்டுமென்றால் 14.4கே. அந்த வேகத்துக்குக் கடிதமே போடலாம்.

சரி, யுஎஸ்பி மோடம் வாங்கிவிடுவோம் என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். "எல்லாத்துலயும் ஓடும் சார்" என்றார் கடைக்காரர். இதே வார்த்தையை நம்பி ஒரு வெப்கேம் வாங்கிய அனுபவம் உண்டு என்பதால், லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். முதல் இரண்டைச் செருகியபோது சத்தமே இல்லை. மூன்றாவதைச் செருகியதும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவில் ஒரு வரி: 'சிடிசி ஏசிஎம்', 'டிடிஒய்ஏசிஎம்0'. முன்னது யுஎஸ்பி மோடங்களுக்கான பொதுத் தரம், பின்னது லினக்ஸ் அதற்கு வைக்கும் பெயர். அந்த வரி வந்தால் போதும், தனி டிரைவர் எதுவும் தேட வேண்டாம்.

வீட்டுக்கு வந்தால் வேறு கூத்து. என் லினக்ஸான உபுண்டு 8.04-ல், மோடத்தை டயல் செய்யவைக்கும் டபிள்யூவிடயல் என்ற நிரல் இல்லை. நெட் வர அது வேண்டும், அது வர நெட் வேண்டும். பிரவுசிங் சென்டரில் பென் டிரைவில் இறக்கிவந்தேன். அது கூடவே இன்னும் நான்கு மென்பொருள் பொதிகள் கேட்டது. மறுபடி சைக்கிள், மறுபடி பிரவுசிங் சென்டர்.

அப்புறம் அதனுடன் வரும் துணை நிரலான டபிள்யூவிடயல்கான்ஃப் ஓட்டினேன். மோடத்தை அதுவே கண்டுபிடித்து அமைப்புக் கோப்பை எழுதிவிட்டது. போன் எண், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் நிரப்பினேன். ஆனால் அந்த வரிகளின் முன்னால் இருக்கும் அரைப்புள்ளியை எடுக்காவிட்டால் அவை வெறும் குறிப்புதான். அதைக் கவனிக்கவே எனக்கு ஒரு சாயங்காலம் போனது.

அதையும் எடுத்துவிட்டு ஓட்டினால், 'நோ டயல்டோன்'. ரிசீவரை எடுத்துக் கேட்கிறேன், டோன் காதைத் துளைக்கிறது! மோடத்துக்கு மட்டும் கேட்கவில்லை. விஷயம் இதுதான்: அது எதிர்பார்ப்பது அமெரிக்க டோன், 350-ம் 440-ம் ஹெர்ட்ஸ் சேர்ந்தது. நம் ஊர் எக்ஸ்சேஞ்சின் டோன் வேறு. அமைப்புக் கோப்பில் 'இனிட்3 = ஏடிஎக்ஸ்3' என்று ஒரு வரி சேர்த்தேன். டோனுக்குக் காத்திராமல் நேராக எண்ணைச் சுற்று என்று அர்த்தம்.

சுற்றியது. கீச்சிட்டது, இரைந்தது, ஐபி முகவரி வந்து விழுந்தது. உடனே அப்டேட் போட்டேன். நொடிக்கு 5 கிலோபைட்டுக்குக் குறையாமல் இறங்கியது. முக்கால்வாசி வந்திருக்கும், சமையலறையில் இருக்கும் இன்னொரு போனை அம்மா எடுத்துவிட்டார். "யாருடா இது, லைன்ல காட்டுக் கத்தலா கத்துறான்?"