அன்றன்று

எருசலேமுக்கு யாத்திரை போன எங்கள் குழுவில் எல்லாருடைய பெட்டியும் விமான நிலையத்தில் வந்தது, என்னுடையதைத் தவிர. சுழலும் பட்டை காலியாகச் சுற்றி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். விசாரித்த இடத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

எட்டு நாள் பயணத்துக்குப் பதினைந்து நாள் சாமான் கட்டுகிற ஆள் நான். யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது. இதை ஒருவகை விசுவாசம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். பிரஷர் மாத்திரையும் அந்தப் பெட்டிக்குள்தான் போயிற்று (கைப்பையில் வைத்திருக்க வேண்டும், தெரியும்).

குழுவில் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா இருந்தார். அவருக்கும் அதே மாத்திரை, அதே அளவு. சில மாத்திரைகள் கூடுதலாகக் கொண்டுவந்திருந்தார். சரி, மொத்தமாகக் கொடுத்துவிடுவார் என்று பார்த்தால், காலைச் சாப்பாட்டு மேசையில் சின்னக் கத்தரிக்கோலால் அட்டையின் ஓரத்தை வெட்டி, ஒன்றே ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். "நாளைக்குக் காலையில வாங்க தம்பி." மறுநாளும் அப்படியே. எனக்கு எரிச்சல்தான். இந்த வயதில் தினமும் போய்க் கை நீட்ட வேண்டுமா?

மூன்றாம் நாள் ஒலிவமலைக்கு ஏறினோம். உச்சிக்கு அருகில், இயேசு சீஷர்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்த இடம் என்று மரபு சொல்லும் ஒரு குகை இருக்கிறது. அதன்மேல் 4-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் கட்டிய ஆலயத்தை 614-இல் பாரசீகர்கள் இடித்தார்கள். அதை மறுபடி எழுப்ப 1915-இல் வேலை தொடங்கி, பணம் தீர்ந்து 1927-இல் நின்றுபோனது. இன்றும் கூரை கிடையாது. அரைகுறைச் சுவர்களுக்கு நடுவே நின்று அண்ணாந்தால் வானம்தான்.

சுற்றுச்சுவர்களில் கர்த்தருடைய ஜெபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில், வண்ண ஓட்டுப் பலகைகளாகப் பதித்திருக்கிறது. தமிழைத் தேடிக் கண்டுபிடித்ததும் எல்லாரும் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தோம். எங்கள் குழு பாதி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, நானும் அதுதான்), பாதி கத்தோலிக்கர். ஆளுக்கு ஒரு பாடம். ஆகாரத்துக்கு வந்தபோது எங்கள் பக்கம் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்றது, அவர்கள் பக்கம் "எங்கள் அனுதின உணவை" என்றது. இரண்டும் முட்டிக்கொண்டு ஒரு நொடி எல்லாரும் நின்றுவிட்டோம். யாரோ சிரித்தார்கள். மறுபடி தொடங்கி, அவரவர் வார்த்தையிலேயே முடித்தோம்.

எந்த வார்த்தை சரி என்று வழியெல்லாம் பேச்சு. கிரேக்க மூலத்தில் அங்கே நிற்கும் 'எபியூசியோஸ்' என்ற சொல், மத்தேயுவிலும் லூக்காவிலும் இந்த ஜெபத்தில் தவிர வேறெங்கும் கிடைப்பது அரிது. இன்றைக்கு வேண்டியதா, நாளைக்கானதா என்று அறிஞர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். எனக்கோ லூக்கா 11:3-ன் பழைய மொழிபெயர்ப்பில் வரும் சொல்தான் தைத்தது: "அன்றன்று". வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த உணவான மன்னாவும் அப்படித்தான் விழுந்தது. ஆளுக்கு ஓர் ஓமர் அளவு, அதுவும் அன்றைக்கு மட்டும். எடுத்து வைத்தவர்களுக்குக் காலையில் புழுவும் நாற்றமும். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பு, அது கெடவில்லை. சேமிப்பதில் தேவனுக்குக் கோபம் இல்லை போலும், நாளைக் காலை அவரிடம் போகாமலிருக்க வழி தேடுவதில்தான். என் பெட்டி நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அந்த ஜெபத்தில் 'எனக்கு' என்றே இல்லை. எல்லாம் 'எங்களுக்கு'. அப்படியானால் என் பங்கு இன்னொருவர் கையில் வரலாம், கத்தரிக்கோலோடும் வரலாம்.

அப்புறம் சரிவில் இறங்கி கெத்செமனே, இயேசு பிடிபட்ட இரவில் ஜெபித்த தோட்டம். பழைய ஒலிவ மரங்கள், அதைவிட அதிகக் கூட்டம். அங்கே இயேசு மூன்று முறை அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். மலைமேல் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்த "உம்முடைய சித்தம்" இங்கே அவருடைய வாயிலேயே வருகிறது. குமாரனே ஒரே இரவில் மூன்று தரம் கேட்டிருக்கிறார். நான் ஒரு காலைக்கு ஒரு தரம் கேட்கச் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை மேசைக்குப் போனபோது, ஏன் மொத்தமாகத் தருவதில்லை என்று அந்த அம்மாவிடம் கேட்டே விட்டேன்.

"மொத்தமாக் குடுத்தா நீங்க எங்க தம்பி வந்து உக்காருவீங்க? உங்க ரூமுக்குப் போயிருவீங்க," என்றார். தனியாகப் பயணம் வந்தவர் அவர். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

ஐந்தாம் நாள் இரவு பெட்டி வந்து சேர்ந்தது. திறந்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி. முழு அட்டை மாத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்தேன், திரும்ப உள்ளே வைத்தேன்.

காலையில் அந்த மேசைக்கே போனேன். கத்தரிக்கோல் தயாராக இருந்தது.

"பெட்டி வந்துருச்சாமே?"

"வந்துருச்சும்மா," என்று சொல்லிக் கையை நீட்டினேன்.