எருசலேம் ஆலயத்தின் காணிக்கைக் கணக்கு: ஒரு தணிக்கையாளரின் பார்வை

அறக்கட்டளைகளின் கணக்குகளைத் தணிக்கை செய்வதே பல ஆண்டுகளாக என் பிழைப்பாக இருப்பதால், வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் பக்தியைவிடத் தொழில் புத்தியே முந்திக்கொள்கிறது. எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கும் பொறுப்பை யூதா நாட்டு அரசன் யோவாஸ், ஆலயக் குருக்களான ஆசாரியர்களிடமே விட்டிருந்தான். காணிக்கையை வாங்குகிறவர்களும் அவர்களே, செலவிட வேண்டியவர்களும் அவர்களே. அவனுடைய ஆட்சியின் 23ஆம் ஆண்டிலும் பழுது பழுதாகவே கிடந்தது. பணம் களவுபோனதாக அந்த அதிகாரம் சொல்லவில்லை. வரவும் செலவும் ஒரே கையில் இருக்கும் இடங்களில் நான் கண்டதும் பெரும்பாலும் இதுதான்: களவு இராது, வேலையும் நடந்திராது.

அதன்பின் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டு, பலிபீடத்தின் அருகே, ஆலயத்துக்குள் நுழைகிறவர்களின் வலப்பக்கத்தில் வைத்தான். பெட்டியில் பணம் சேர்ந்ததும் அரசனின் எழுத்தரும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணிப் பைகளில் கட்டி, எடை பார்த்து மேற்பார்வையாளர்களிடம் கொடுக்க, அவர்கள் தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் கூலி கொடுத்தார்கள். அரண்மனையின் ஆள் ஒருவர், ஆலயத்தின் ஆள் ஒருவர் என்ற இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த மேற்பார்வையாளர்கள் நேர்மையாக நடந்ததால் அவர்களிடம் கணக்கே கேட்கப்படவில்லையாம். என் அறிக்கையாக இருந்தால் இதற்கு ஓர் ஆட்சேபக் குறிப்பு கட்டாயம் இடம்பெறும். கொடுத்த தொகை எடையிடப்பட்டதுதான், எழும் சுவர் எல்லோர் கண்ணுக்கும் தெரிவதுதான். இருந்தும் நான் எழுதத்தான் செய்வேன்.

முதல் ஆலயம் அழிந்தபின் எழுந்த இரண்டாம் ஆலயத்தின் காலத்து நடைமுறையை, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் 'ஷெகாலிம்' பகுதி இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறது. மக்கள் ஆலய வரியாகச் செலுத்திய அரைச் சேக்கல் வெள்ளிக் காசுகள் குவிந்திருந்த அறையிலிருந்து ஆண்டுக்கு மூன்று முறை பணம் எடுக்க நுழைகிறவர், காசை மறைக்க இடம் தரும் மடிப்புள்ள ஆடையோ, காலணியோ, தாயத்தோ அணிந்திருக்கக் கூடாது. அவர் வெளியே வரும்வரை மற்றவர்கள் அவரோடு பேசிக்கொண்டே இருந்தார்கள் என்கிறது மிஷ்னாவுக்கு எழுந்த விளக்க நூலான எருசலேம் தல்மூத். பேசும் வாயில் காசை ஒளிக்க முடியாதல்லவா! மிஷ்னா சொல்லும் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: நாளை அவர் ஏழையானால் அறையில் செய்த பாவத்தால் ஏழையானார் என்றும், பணக்காரரானால் அறைப் பணத்தில் பணக்காரரானார் என்றும் ஊர் பேசும். ஆகவே அந்த விதி காசைக் காப்பதற்கு நிகராக, காசைத் தொடுகிறவரின் பெயரையும் காக்கிறது. சோதனைக்கு உட்படும் காசாளர்கள் முகம் சுளிக்கும்போது, இதைத்தான் நான் அவர்களிடம் சொல்வது வழக்கம்.

பெயரைக் காக்கும் இதே கவனத்தோடு, ஆலயத்தில் கடவுளின் முன் வைக்கப்பட்ட சமுகத்தப்பத்தைச் செய்த கார்மு குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளின் கையில் வெள்ளை மாவு அப்பம் இருக்க ஒருநாளும் விட்டதில்லை. ஆலய மாவைத் தின்கிறார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. இதே குடும்பம் தொழில் இரகசியத்தைப் பிறருக்குக் கற்றுத்தர மறுத்தது என்பதும், வெளியூர் ஆட்களை வரவழைத்தும் அந்த அப்பம் கைகூடாமல் போகவே, கூலியை இரட்டிப்பாக்கிய பிறகே வேலைக்குத் திரும்பியது என்பதும் மிஷ்னாவின் இன்னொரு விளக்க நூலான பாபிலோனியத் தல்மூத்தில் உள்ளன. கை சுத்தமானவர்கள் கூலியில் கறாராக இருப்பதை நானும் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன்.